நாலு மணிக் காபியை யார் போடுவது?

போன இதழில் "உங்களுக்கென்று தினமும் ஒரு மணி நேரம் கிடைத்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டிருந்தேன். பாதிப் பேர் ஆசை ஆசையாக எழுதியிருந்தார்கள். மீதிப் பேர், "அந்த ஒரு மணி நேரம் எங்கே இருக்கிறது, அதைச் சொல்லுங்கள்" என்று என்னையே திருப்பிக் கேட்டிருந்தார்கள். இந்த முறை அந்த இரண்டாவது வகைக் கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, எனக்கு வயது 39. ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். கணவர் லாரி பாடி கட்டும் பட்டறையில் கணக்குப் பார்க்கிறார், மாலை ஆறரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். பையன் ஒன்பதாவது, பெண் ஆறாவது படிக்கிறார்கள். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார், 67 வயது, நன்றாக நடமாடுகிறார். கல்யாணத்துக்கு முன் எட்டு வருடம் வயலின் கற்றேன், லோயர் கிரேடு தேர்வும் எழுதினேன். பெட்டியைத் திறந்து நாலு வருடம் ஆகிறது. கணவர் நல்லவர். "என்ன செய்யணும்னு சொல்லு, செய்யறேன்" என்பார், சொன்னால் செய்வார். ஆனாலும் இரவு பத்து மணிக்கு எனக்குக் கை தூக்கக்கூடத் தெம்பு இருப்பதில்லை. ஒரு வயலினுக்காக வீட்டில் எல்லோரையும் வேலை வாங்குவது சுயநலமாகவும் தோன்றுகிறது.
– ஆசிரியை, நாமக்கல்

பதில்: தங்கச்சி, சுயநலம் என்ற சொல்லை முதலில் இறக்கி வைத்துவிடுங்கள். சாயங்காலம் டீக்கடைப் பக்கம் போய் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வரும் ஆண்களை யாரும் சுயநலக்காரர்கள் என்று சொல்வதில்லை. அது அவர்களுடைய நேரம் என்று ஊரே ஒப்புக்கொண்டிருக்கிறது. உங்கள் வயலினுக்கு அந்த ஒப்புதலை நீங்கள் இன்னும் கேட்டு வாங்கவில்லை.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது "என்ன செய்யணும்னு சொல்லு" என்கிற வரியைத்தான். என் வீட்டுக்காரரும் இதே வார்த்தையை இருபது வருடம் சொன்னார். அவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். வேலைக்கு அஞ்சவே மாட்டார். வெங்காயம் உரி என்றால் உரிப்பார், துணி காயப்போடு என்றால் போடுவார். ஆனால் வெங்காயம் நாலுதான் மிச்சமிருக்கிறது, வரும்போது வாங்க வேண்டும், அதற்குள் புளியை ஊறப்போட வேண்டும், நாளைக்கு யாருக்கோ வளைகாப்பு, மொய்க் கவர் வாங்கவில்லை, இதெல்லாம் என் தலைக்குள் மட்டும்தான் ஓடிக்கொண்டிருக்கும். தபால் அலுவலகக் கவுன்ட்டரில் உட்கார்ந்து மணியார்டர் படிவத்தைச் சரிபார்க்கும்போதும் ஓடும்.

47 வயதில் தஞ்சாவூர் ஓவியம் கற்றுக்கொள்ளப் போனேன். பலகையில் துணியை ஒட்டி, சாக் பவுடரும் கோந்தும் குழைத்துப் பூசி, காயவைத்துத் தேய்த்து, படத்தை வரைந்து, கல் பதித்து, நகையும் மண்டபத்தூணும் மேடாகத் தெரிகிற மாதிரி அந்தப் பசையாலேயே எழுப்பி, அதன்மேல் தங்க ரேக், அதாவது மெல்லிய தங்கத் தகடு, ஒட்டி, கடைசியில்தான் வண்ணத்துக்கு வருவோம். நான் எடுத்தது ஆலிலைக் கிருஷ்ணன். பசையைக் குழைத்துவிட்டால் காய்வதற்குள் வேலையை முடிக்க வேண்டும். பத்து நிமிடம் வேலை செய்துவிட்டு, குக்கரை இறக்கப் போய், திரும்பி வந்தால் கிண்ணத்தில் கட்டியாகி இருக்கும். ரேக்கை வெட்டி ஓரம் பார்த்து அழுத்தும்போது கை நடுங்கக் கூடாது, மூச்சுகூட மெதுவாகத்தான் விட வேண்டும். "அம்மா, சாக்ஸ் எங்கே?" என்று ஒரு குரல் வந்தால் போச்சு. அந்தக் கிருஷ்ணன் பாதி உடம்போடு மூன்று வருடம் பீரோவுக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தான். எனக்கு நேரமே இல்லை என்று சொல்ல மாட்டேன். இங்கே பத்து நிமிடம், அங்கே கால் மணி நேரம் என்று துண்டு துண்டாக இருந்தது. துண்டு நேரத்தில் பேப்பர் படிக்கலாம், ஓவியம் முடியாது. வயலினும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். சுருதி சேர்த்து, கை பழகி, வரிசை ஒன்று சுத்தமாக விழுவதற்கே இருபது நிமிடம் ஆகிவிடும் இல்லையா?

அப்போது ஒரு காரியம் செய்தேன். ஒரு வாரம் முழுக்க, தினக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில், வீட்டு விஷயமாக என் மனதில் என்னென்ன வருகிறதோ அதையெல்லாம் எழுதினேன். செய்த வேலைகளைச் சேர்க்கவில்லை, நினைத்துக்கொண்டே இருந்தவற்றை மட்டும் எழுதினேன். காஸ் பதிவு, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கரண்ட் பில், மாநகராட்சித் தண்ணீர் வரும் நேரத்தில் மோட்டார் போடுவது, மாமியாரின் பிரஷர் மாத்திரை எத்தனை மிச்சம், பையன் சட்டையில் பொத்தான், குக்கர் கேஸ்கட் லூஸ், ரேஷனில் பாமாயில் வந்துவிட்டதா, யார் யாருக்கு மொய் திருப்ப வேண்டும், தோசை மாவு நாளைக் காலைக்கு வருமா. வார முடிவில் எண்ணினேன், 41 வந்தது. சாப்பாட்டு மேசையில் தாள்களை வரிசையாக வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் படித்தார். "இதெல்லாம் நீ நெனச்சுக்கிட்டேவா இருக்கே?" என்று கேட்டார். அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை.

அன்றைக்குப் பிரித்தது வேலையை மட்டும் பிரித்தது ஆகாது. நினைப்பைப் பிரித்தோம். உதாரணத்துக்கு இட்லி மாவு. அதை முழுசாக அவரிடம் கொடுத்தேன். முழுசாக என்றால், பழைய மாவு எப்போது தீரும் என்று பார்ப்பதிலிருந்து. நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு முழு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். அரிசியை நாலு மணி நேரமாவது ஊறவைக்க வேண்டும். உளுந்தை முதலில் போட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, பந்து மாதிரி உப்பி வரும்வரை ஆட்ட வேண்டும், அதற்கு அரை மணி நேரம் ஆகும். அரிசியைச் சன்ன ரவைப் பதத்தில் எடுக்க வேண்டும். உப்புப் போட்டுக் கையால் கலக்க வேண்டும். கடைசியில் கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவித் துடைத்து வைக்க வேண்டும். இத்தனையும் சேர்ந்ததுதான் மாவு. "கிரைண்டர் போடறேன்" என்பது இதில் எட்டில் ஒரு பங்குதான்.

முதல் தடவை பாத்திரம் நிறைய ஊற்றி வைத்துவிட்டார். சித்திரை மாத வெக்கை. ராத்திரியே பொங்கி, மேடையிலிருந்து வழிந்து, தரையெல்லாம் மாவு. காலை ஐந்து மணிக்கு எழுந்து வந்த நான் வாசலிலேயே நின்றேன். துடைக்கக் கை பரபரத்தது. அவரை எழுப்பினேன். "மாவு வழிஞ்சிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். அதைவிடக் கஷ்டமான ஒரு காரியத்தை நான் அந்த வருடம் செய்யவில்லை. அன்று அவர்தான் துடைத்தார். அதற்குப் பிறகு ஒருநாளும் பாதிப் பாத்திரத்துக்கு மேல் அவர் ஊற்றியதில்லை. 14 வருடமாக எங்கள் வீட்டு மாவு அவருடையது. மார்கழியில் புளிக்க நேரமாகும் என்று பாத்திரத்தை அடுப்புப் பக்கம் நகர்த்தி வைப்பார். நான் சொல்லித் தந்ததில்லை, அவரே கண்டுபிடித்துக்கொண்டார்.

எனக்கென்று எடுத்துக்கொண்டது ஞாயிறு மதியம் 2 முதல் 5 வரை. முதல் இரண்டு வாரம் நன்றாகப் போனது மாதிரி இருந்தது, ஆனால் நாலு மணிக்குக் கதவு தட்டும் சத்தம் வரும். காபி. வீட்டில் யாருமே அதை ஒரு வேலையாக நினைக்கவில்லை. நான்கூட அந்த 41 நினைப்புகளில் அதை எழுதவில்லை. அந்த ஒரு காபிக்கு எழுந்தால் கையைக் கழுவி, பால் காய்ச்சி, ஆளுக்கொரு டம்ளர் கொடுத்து, டம்ளரைக் கழுவித் திரும்பும்போது நாலே முக்கால். மூன்று மணி நேரம் இரண்டாக ஒடிந்துபோகும். அப்போது பையன் ஒன்பதாவது. நாலு மணிக் காபி அவனுடையது என்று முடிவானது. மூன்றரைக்கு பில்டரில் டிகாஷன் இறக்க வேண்டும் என்பதே அவனுக்குப் புதுச் செய்தி. முதல் மாதம் தண்ணியாக இருந்தது. நான் குடித்தேன். கிருஷ்ணன் அந்த வருடக் கார்த்திகைக்குள் முடிந்து சுவருக்குப் போனான்.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். வேலையைப் பிரிப்பதற்கு முன்பே நேரத்தை எடுத்துவிடுங்கள். எல்லாம் முடிந்தபின் வாசிக்கலாம் என்று வைத்தால் அந்த நேரம் வரவே வராது, எனக்கு மூன்று வருடம் வரவில்லை. திங்கள், புதன், வெள்ளி மாலை 7 முதல் 7.45. கணவர் வந்து முகம் கழுவி உட்கார்ந்திருப்பார். அந்த மூன்று நாள் இரவுச் சாப்பாடு அவருடையது, என்ன செய்வது என்று யோசிப்பதும் சேர்த்து. "இன்னைக்கு என்ன செய்யட்டும்?" என்று வயலின் அறைக்கு வந்து கேட்டால், "உங்க இஷ்டம்" என்று மட்டும் சொல்லுங்கள். முட்டைக்கே பேர்போன ஊர் உங்களுடையது. முட்டை தோசை, முட்டைப் பொரியல், ஒரு ரசம், இதில் தொடங்கட்டும். ஒரு மாதம் மூன்று நாளும் முட்டையாக இருந்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அடுப்பு மேடையைத் துடைத்தால்தான் சமையல் முடிந்ததாகக் கணக்கு, இதை மட்டும் முதல் நாளே பேசிவிடுங்கள்.

துணியைப் பையனிடம் கொடுங்கள். மெஷினில் போட்டு, உலர்த்தி, மழை வந்தால் எடுத்து, மடித்து, அவரவர் அலமாரியில் வைப்பதுவரை. வெள்ளைச் சீருடையைச் சாயம் போகிற துணியோடு ஒருமுறை போட்டுவிடுவான். பிறகு போட மாட்டான். பெண்ணுக்கு எல்லோருடைய டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலும் கொடுங்கள். பையிலிருந்து சாயங்காலமே எடுத்து வெளியே வைப்பது, கழுவுவது, மறுநாள் தண்ணீர் நிரப்புவது. ஆறாவது படிக்கும் குழந்தைக்கு இது தாராளமாக முடியும். மாமியாரிடம் வேலையாகக் கேட்காதீர்கள், பொறுப்பாகக் கேளுங்கள். பால் கணக்கு, காஸ், ரேஷன், மளிகை டப்பாக்களில் என்ன தீர்ந்தது என்கிற கணக்கு. அறுபது வருட அனுபவம் அவரிடம் சும்மா இருக்கிறது.

வயலினை இன்றைக்கே பீரோவை விட்டு வெளியே எடுத்து, கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். நாலு வருடம் மூடியிருந்தது என்றால் தந்திகளை மாற்ற வேண்டியிருக்கும், வில்லின் முடியையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். நாமக்கல்லில் கிடைக்காவிட்டால் சேலத்திலோ திருச்சியிலோ வாத்தியக் கடையில் பார்ப்பார்கள். முதல் வாரம் விரல் நுனி வலிக்கும், அபசுரம் வரும். பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும். சரளி வரிசையிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: அம்மா, நான் திருப்பூரில் ஒரு நிட்டிங் கம்பெனியில் சூப்பர்வைசர், வயது 45. மனைவிக்கு மாடித் தோட்டம் என்றால் உயிர், நேரமில்லாமல் விட்டுவிட்டாள். அவளுக்காக இரவுப் பாத்திரம் நான் கழுவுகிறேன். ஆனால் நான் கழுவி வைத்ததை அவள் மறுபடி எடுத்துக் கழுவுகிறாள். எனக்கு மனது விட்டுப்போகிறது. செய்யாமலே இருந்துவிடலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: இருந்துவிடாதீர்கள் தம்பி. முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். கழுவி வைத்த சோற்றுப் பானையின் விளிம்பிலும், குக்கர் மூடியின் உள்பக்கத்திலும் விரலை ஓட்டிப் பாருங்கள். பிசுக்கு இருந்தால் உங்கள் மனைவி செய்வது சரி. எண்ணெய்ப் பாத்திரத்தைக் கடைசியில் தேய்க்க வேண்டும், கேஸ்கட்டைக் கழற்றித் தனியாகக் கழுவ வேண்டும், பால் பாத்திரத்தை உடனே தண்ணீர் ஊற்றி ஊறவைக்க வேண்டும். சிங்க் ஓட்டையில் சிக்கிய பருக்கையைக் கையால் எடுத்துப் போட்டு, சிங்க்கையும் தேய்த்தால்தான் பாத்திரம் கழுவியதாக அர்த்தம். துணியில் ஒரு தையல் விட்டுப்போனால் நீங்கள் "பரவாயில்லை, உதவிக்குத்தானே செய்தாய்" என்று விட்டுவிடுவீர்களா? அந்தக் கண்ணை வீட்டுக்கும் கொண்டு வாருங்கள்.

பிசுக்கு இல்லை, அவருக்குத்தான் பழக்கம் விடவில்லை என்றால், பேச வேண்டியது அவரிடம். அதிலும் பாத்திரத்தைப் பற்றிப் பேசாதீர்கள். நீங்கள் கழுவும்போது அவர் எங்கே இருக்கிறார்? சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் நின்றேன். அங்கே நிற்கும்வரை கை சும்மா இருக்காது. வேலையை ராத்திரியிலிருந்து காலைக்கு மாற்றிப் பாருங்கள். விடிந்ததும் ஆறு மணிக்கு அவர் மாடிக்குப் போகட்டும், சமையலறையை நீங்கள் பாருங்கள். நாலு பையில் தென்னைநார்க் கழிவும் செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்து வைத்து, சிறுகீரை விதையைத் தூவினால் 25 நாளில் பறித்துவிடலாம். முதல் பறிப்பு வந்ததும் அவருக்குப் பாத்திரம் மறந்துபோகும். கீரையை ஆய்வதும் உங்கள் கணக்கில் இருக்கட்டும்.

கேள்வி: என் கணவர் வீடு கூட்டினால் மாமியார் கண் கலங்குகிறார். "என் புள்ளைய இப்படிப் பாக்கவா பெத்தேன்" என்கிறார். கணவர் துடைப்பத்தைக் கீழே வைத்துவிடுகிறார். நான் தினமும் கொஞ்சம் ஆரி எம்பிராய்டரி போட ஆசைப்பட்டேன், அது நின்றுவிட்டது. மாமியாரை எப்படிச் சமாளிப்பது?
– வாசகி, புதுக்கோட்டை

பதில்: சமாளிக்க வேண்டாம் அம்மா, அவரோடு கொஞ்சம் உட்காருங்கள். அந்தக் கண்ணீர் பொய் இல்லை. நாற்பது வருடம் ஒற்றை ஆளாகக் கூட்டிப் பெருக்கி, அதுதான் தன் மதிப்பு என்று நம்பி வாழ்ந்தவர். மகன் கையில் துடைப்பத்தைப் பார்க்கும்போது, தான் பட்ட பாடெல்லாம் தேவையே இல்லாததா என்று அவருக்குத் தோன்றலாம்.

என் மாமியாரும் முதல் மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தார். ஒருநாள் பழைய டிரங்குப் பெட்டியைத் துடைக்கும்போது ஒரு ஒயர் கூடை கிடைத்தது. பச்சையும் வெள்ளையும், சிவன் கண் முடிச்சு. யார் போட்டது என்று கேட்டேன். "நான்தான். உன் புருஷன் வயித்துல இருக்கும்போது போட்டது" என்றார். எனக்கு நெஞ்சில் ஏதோ அடைத்தது. கல்யாணமாகி வந்து அத்தனை வருடத்தில் அவர் கூடை போடுவார் என்பதே எனக்குத் தெரியாது. பிள்ளைகள் பிறந்ததும் விட்டுவிட்டாராம். மறுநாள் அலுவலகம் விட்டு வரும்போது சின்னக்கடைவீதியில் இரண்டு நிறத்தில் ஒயர் கட்டு வாங்கி வந்து மடியில் போட்டேன். விரல் மறந்திருக்காது என்று நினைத்தேன். அடி போடும்போதே நெல்லிக்காய் முடிச்சும் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. ஞாயிறு மதியம் நான் உள்ளே பலகையோடு, அவர் திண்ணையில் ஒயரோடு. நாலு மணிக்குப் பேரன் காபி கொண்டு வந்து கொடுத்தபோது அவர்தான் முதலில், "நல்லாத்தான்டா போடறே" என்றார். கடைசியாக அவர் போட்ட கூடையில்தான் இன்றும் நான் மார்க்கெட்டுக்குப் போகிறேன்.

உங்கள் மாமியாருக்கும் சின்ன வயதில் கையில் எதாவது இருந்திருக்கும். கேளுங்கள். அதற்கிடையில் உங்கள் கணவர் துடைப்பத்தைக் கீழே வைக்கக் கூடாது. அம்மாவிடம் அவரே பேச வேண்டும், "எனக்குப் பிடிச்சுத்தாம்மா செய்யறேன்" என்ற ஒரு வரி போதும். அதை மருமகள் சொன்னால் சண்டையாகிவிடும், மகன் சொன்னால் அம்மா கேட்டுக்கொள்வார்.

கேள்வி: பாத்திரம் கழுவும் மெஷின், வீடு துடைக்கும் ரோபோ இரண்டையும் வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா? யாரிடமும் கெஞ்ச வேண்டாமே.
– வாசகி, சென்னை

பதில்: வசதி இருந்தால் வாங்குங்கள், நான் மெஷினுக்கு எதிரி இல்லை. எங்கள் அம்மா ஆட்டுக்கல்லில் உட்கார்ந்து ஆட்டியதைப் பார்த்தவள் நான். அந்தக் கையின் காய்ப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி தரத் தொடங்கியபோது எத்தனையோ வீடுகளில் அந்தக் காய்ப்பு மறைந்தது. சரியாக 12 வருடம் கழித்து, 2023இல் அதே அண்ணா பிறந்தநாளில், மகளிர் உரிமைத்தொகையாக மாதம் 1,000 ரூபாய் தொடங்கியது. வீட்டுவேலைக்கும் ஒரு மதிப்பு உண்டு என்று அரசே சொன்னது பெரிய விஷயம்.

ஆனால் மெஷின் மிச்சம்பிடித்த நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019இலும் 2024இலும் நடந்தது. வீட்டுவேலை செய்கிற பெண்கள் அதற்காகச் செலவிட்ட நேரம் நாளொன்றுக்கு 299 நிமிடத்திலிருந்து 289 ஆகக் குறைந்தது. பத்து நிமிடம். சரி, அந்தப் பத்தை ஆண்கள் ஏற்றுக்கொண்டார்களா என்றால் இல்லை. வீட்டுவேலை செய்கிற ஆண்களுக்கும் 97 நிமிடத்திலிருந்து 88 ஆகக் குறைந்திருக்கிறது. மெஷின் எல்லோருக்கும் கொஞ்சம் குறைத்திருக்கலாம், ஆனால் யார் பங்கு எவ்வளவு என்பது அப்படியேதான் இருக்கிறது. ரோபோவுக்குச் சார்ஜ் போடுவது, தூசிப் பெட்டியைத் தட்டுவது, பாத்திர மெஷினுக்குள் பாத்திரம் அடுக்குவது, அதற்குரிய உப்பும் சோப்பும் தீர்ந்ததா என்று பார்ப்பது எல்லாம் உங்கள் தலையில் ஏறினால், என் 41 நினைப்பு உங்களுக்கு 46 ஆகும். வாங்குகிற அன்றே அது யாருடைய மெஷின் என்று பேர் சொல்லி ஒப்படையுங்கள். அந்த ஆள் நீங்களாக இருக்க வேண்டாம்.

கேள்வி: நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். எனக்குப் பென்சில் ஓவியம் பிடிக்கும். அண்ணன் காலேஜ் முதல் வருடம். சாயங்காலம் அவன் கிரிக்கெட் விளையாடப் போய்விடுவான். எனக்குப் பாத்திரம், துணி மடிப்பது, வாசல் தெளிப்பது. கேட்டால் "பொம்பளப் புள்ள கத்துக்கணும்" என்கிறார்கள். அம்மாவைப் பார்த்தாலும் பாவமாக இருக்கிறது. நான் செய்யாவிட்டால் அம்மாதான் செய்ய வேண்டும்.
– மாணவி, விழுப்புரம்

பதில்: கண்ணு, உன் கடைசி இரண்டு வரியை நாலு தடவை படித்தேன். உன் வயதில் எனக்கு அது தோன்றியதில்லை.

கற்றுக்கொள்வது நல்லதுதான், அதை விட்டுவிடாதே. ஆனால் வீட்டுவேலை கற்றுக்கொள்ள வேண்டியது என்றால் அண்ணனும் கற்றுக்கொள்ள வேண்டும். நாளைக்கு வேலைக்கு வெளியூர் போய் அறை எடுத்துத் தங்கும்போது அவனுக்கும் பசிக்கும், அவன் துணியும் அழுக்காகும். இதைச் சண்டையாகச் சொல்லாதே. அம்மா ஓய்வாக இருக்கும்போது, அப்பாவும் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது, ஒரு தாளில் அம்மா செய்வது, நீ செய்வது, அண்ணன் செய்வது, அப்பா செய்வது என்று நாலு பத்தி போட்டு எழுதிக் காட்டு. வெறுமையாக இருக்கும் பத்திகளைப் பார்த்து அவர்களே பேசுவார்கள். பேசவில்லை என்றால், "அண்ணன் விளையாட்டை நிறுத்த வேண்டாம், வந்தபிறகு ராத்திரிப் பாத்திரம் அவனோடது, சாயங்காலம் அஞ்சரைலேருந்து ஆறரை நான் வரையணும்" என்று நேரத்தோடு கேள். பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பெரியவர்கள் "பார்க்கலாம்" என்பார்கள். மணி சொல்லிக் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

உன் வேலை குறைந்து அது அம்மா தலையில் விழுந்தால் ஒத்துக்கொள்ளாதே. அது அண்ணனுக்கோ அப்பாவுக்கோதான் போக வேண்டும். அம்மாவுக்கும் எதாவது பிடிக்கும் அல்லவா? என்னவென்று கேட்டிருக்கிறாயா? இன்றைக்குக் கேட்டுவிடு.

வரைவதற்கு 2பி, 4பி, 6பி மூன்று பென்சிலும் ஒரு அழிரப்பரும் போதும், பெரிய செட் வாங்கித் தரச் சொல்லிக் காத்திருக்காதே. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது அவர் கையை வரைந்து பார். கை வரைவதுதான் கஷ்டம், அதனால்தான் சொல்கிறேன். வரைந்ததை இந்தப் பத்திரிகை முகவரிக்கு அனுப்பு, நான் பார்க்க வேண்டும்.